ஆறு மானாவுக்கு எந்த யானையை வாங்கலாம்?

'மேஜிக்: த கேதரிங்' ஆட்டத்துக்கான டெக்கில் பெரிய கிரீச்சர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். கேரள, ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்தே இம்முறை கேள்விகள் மிகுதியாக வந்துள்ளன. ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொன்னால், இது 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து, விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட சீட்டாட்டம். ஆளுக்கு 20 லைஃப், குறைந்தது 60 கார்டுகள் கொண்ட டெக், தொடக்கத்தில் கையில் 7 கார்டுகள். தன் முறை வரும்போது ஒரே ஒரு லேண்டை இறக்கலாம். லேண்டுகள் தரும் மானாவைச் செலவழித்துத்தான் மற்ற கார்டுகளை இறக்க முடியும். கிரீச்சர் என்பது சண்டைக்கு இறக்கும் உயிரினக் கார்டு; அதன் மீது 6/4 என்று இருந்தால், முதல் எண் அது அடிக்கும் வலு, இரண்டாவது எண் அது தாங்கும் வலு.

கேள்வி: நாங்கள் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் வாசகசாலையின் திண்ணையில் ஆடுகிறோம். என்னுடைய பச்சை டெக்கில் 24 லேண்டுகளும், ஆறு மானாவோ அதற்கு மேலோ கேட்கும் கிரீச்சர்கள் 14-உம் இருக்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் மிரட்டலாக இருக்கிறது. ஆனால் ஒன்றையும் இறக்குவதற்கு முன்பே தோற்றுவிடுகிறேன். எத்தனை வைத்துக்கொள்ளலாம், ஐயா?
— கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஆறு போதும். பதினான்கு என்பது உங்கள் டெக்கின் கால் பகுதியைக் கையிலேயே முடக்கி வைக்கும் எண்ணிக்கை. அறுபதில் 24 லேண்டு என்றால் ஐந்து கார்டுக்கு இரண்டு லேண்டு. முதலில் ஆடுபவர் தம் முதல் முறையில் கார்டு எடுப்பதில்லை என்பதால், ஆறாவது முறையில் அவர் பார்த்திருப்பவை மொத்தம் 12 கார்டுகள்தாம். அவற்றில் சராசரியாக 4.8 லேண்டுகள் இருக்கும். ஆறாவது முறையில் ஆறு லேண்டும் களத்தில் இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே, 'ஆறு மானா கிரீச்சர்' என்று நீங்கள் வைத்திருப்பது நடைமுறையில் ஏழாவது, எட்டாவது முறையில் இறங்கும் கிரீச்சர். எதிரில் இருப்பவர் சின்னச் சின்ன சிவப்புக் கிரீச்சர்களை வைத்து ஐந்தாவது முறையிலேயே கணக்கை முடித்துவிட்டால், உங்கள் கையில் உள்ள கார்டுகளின் படத்தை ரசிப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.

ஆறு என்று ஏன் சொல்கிறேன் என்றால், 12 கார்டுகளைப் பார்ப்பதற்குள் பெரிய கிரீச்சர் ஒன்றாவது கைக்கு வரும் வாய்ப்பு, நான்கு வைத்தால் 60 விழுக்காடு, ஆறு வைத்தால் 75, எட்டு வைத்தால் 85. எட்டாகக் கூட்டுவதால் கிடைக்கும் பத்து விழுக்காட்டுக்கு ஒரு விலை உண்டு. முதல் ஏழு கார்டுகளிலேயே அவற்றில் இரண்டோ அதற்கு மேலோ வந்து உட்கார்ந்துகொள்ளும் வாய்ப்பு கிட்டத்தட்டக் கால் பங்கு ஆகிவிடுகிறது. அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு முதல் நான்கு முறைகளை ஓட்டுவது பெரும்பாடு.

இப்படிக் காலியாகும் எட்டு இடங்களில் மானாவைப் பெருக்கும் கார்டுகளை வையுங்கள். பச்சையில் அதற்குப் பஞ்சமே இல்லை. முதல் முறையில் லனோவார் எல்வ்ஸை இறக்குகிறீர்கள். ஒரு மானா விலையுள்ள அந்த 1/1 கிரீச்சர் அடுத்த முறையிலிருந்து ஒரு பச்சை மானா தரும். இரண்டாவது முறையில் இரண்டு லேண்டும் எல்வ்ஸும் சேர்ந்து மூன்று மானா. அதைக் கொண்டு கல்டிவேட் ஆடினால் டெக்கிலிருந்து இரண்டு அடிப்படை லேண்டுகள் வருகின்றன, ஒன்று களத்துக்கு, மற்றொன்று கைக்கு. மூன்றாவது முறையில் ஐந்து மானா, நான்காவது முறையில் ஆறு மானா. ஏழாவது முறையில் வரவேண்டியதை நான்கில் கொண்டுவந்துவிட்டீர்கள். எதிராளி எல்வ்ஸைக் கொன்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கொல்லட்டும், அதற்குச் செலவான கார்டு உங்கள் பெரிய கிரீச்சரின் மேல் பாயப்போவதில்லை.

லேண்டை மட்டும் 24-இலிருந்து குறைக்காதீர்கள். மானா பெருக்கும் கார்டுகள் வந்துவிட்டனவே என்று லேண்டைக் குறைப்பவர்கள், அந்தக் கார்டுகளை இறக்கவும் லேண்டு வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: தறிக்கூடத்தில் டிசைன் போடும் வேலை எனக்கு. உடன் வேலை செய்யும் தெலுங்கு நண்பர் ஒருவரோடு இரவு ஷிஃப்டு முடிந்து ஆடுவது வழக்கம். அவர் கருப்பு டெக்கில் டூம் பிளேடு நான்கு வைத்திருக்கிறார். நான் ஷிவன் டிராகன், க்ரா வர்ம், கொலாசல் ட்ரெட்மா என்று எதை இறக்கினாலும் இரண்டே மானாவில் கொன்றுவிடுகிறார். ஆறு மானா கொடுத்து எதை வாங்குவது நியாயம்?
— வாசகர், நகரி, ஆந்திரம்

பதில்: யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஆறு மானா விலையுள்ள கிரீச்சருக்கு நான் வைக்கும் சோதனையும் அதுதான்: களத்தில் இறங்கிய அந்தக் கணமே அது செத்தால் என்னிடம் என்ன மிஞ்சும்? நீங்கள் சொன்ன மூன்றையும் இதில் நிறுத்திப் பாருங்கள். க்ரா வர்ம் 6/4. கார்டில் வேறு எந்தத் திறனும் இல்லை. கொலாசல் ட்ரெட்மா 6/6, தடுக்கும் கிரீச்சரை மிதித்துக்கொண்டு எஞ்சிய அடியை எதிராளிக்கே கொடுக்கும் 'ட்ராம்பிள்' திறன் உண்டு. ஷிவன் டிராகன் 5/5, பறக்கும்; ஒவ்வொரு சிவப்பு மானாவுக்கும் அதன் அடி ஒன்று கூடும். மூன்றும் இருந்தால்தான் பொன். இறந்தால் ஒரு செப்புக்காசும் இல்லை. அதைவிட மோசம், உங்கள் நண்பர் இரண்டு மானாவில் வேலையை முடித்துவிட்டு, மிச்சமுள்ள நான்கு மானாவில் தம்முடைய கிரீச்சரையும் இறக்கிவிடுகிறார். நீங்கள் ஒரு முறையை முழுவதுமாக இழந்துவிட்டீர்கள், அவர் பாதியைக்கூட இழக்கவில்லை.

இந்தச் சோதனையில் தேறும் கார்டுகள் பெருவாரியாக வந்தது 2010-இல் வெளியான மேஜிக் 2011 தொகுப்பில்தான். ஐந்து நிறத்துக்கும் ஒன்றாக ஐந்து டைட்டன்கள். ஒவ்வொன்றும் ஆறு மானா, 6/6. ஐந்துமே, இறங்கும்போது ஒரு முறை, பிறகு தாக்கப் புறப்படும் ஒவ்வொரு முறையும் என்று தத்தம் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. சன் டைட்டன், மூன்று மானாவுக்குள் விலையுள்ள ஒன்றை, செத்த கார்டுகள் போய்ச்சேரும் கிரேவ்யார்டிலிருந்து களத்துக்கு மீட்டுக் கொண்டுவரும். இன்ஃபர்னோ டைட்டன் மூன்று புள்ளி அடியை விரும்பியபடி பங்கிட்டுக் கொடுக்கும். எதிரில் மூன்று 1/1 கிரீச்சர்கள் நின்றால் மூன்றும் காலி. என் கண்ணுக்கு இவற்றில் முதலிடம் கிரேவ் டைட்டனுக்குத்தான். அது இறங்கும்போதே 2/2 வலுவுள்ள இரண்டு ஸோம்பிகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அதைக் கொன்றாலும் அந்த இரண்டும் நிற்கும். கொல்லாமல் விட்டால் அடுத்த தாக்குதலில் இன்னும் இரண்டு வரும். உங்கள் நண்பர் விஷயத்தில் கூடுதலாக ஓர் அனுகூலமும் இருக்கிறது: டூம் பிளேடு கருப்பு அல்லாத கிரீச்சரைத்தான் கொல்லும், கிரேவ் டைட்டனோ கருப்பு. இதைக் கண்டதும் அவர் எந்த நிறத்தையும் கொல்லும் மர்டருக்கு மாறிவிடுவார் என்பது உறுதி. ஆனால் அதன் விலை மூன்று மானா.

பச்சை டெக் வைத்திருந்தால் த்ராக்டஸ்க்கைத் தேடிப் பாருங்கள். ஐந்து மானா, 5/3. எண்களைப் பார்த்தால் அப்படியொன்றும் பிரமாதமில்லை. ஆனால் இறங்கும்போது 5 லைஃப் தருகிறது, களத்தை விட்டு நீங்கும்போது 3/3 மிருகம் ஒன்றை விட்டுச் செல்கிறது. 'சாகும்போது' என்றில்லாமல் 'நீங்கும்போது' என்று கார்டில் அச்சிட்டிருப்பதால், வெள்ளை டெக்காரர் ஸ்வோர்ட்ஸ் டு பிளவ்ஷேர்ஸால் ஆட்டத்தைவிட்டே அகற்றினாலும், நீல டெக்காரர் அன்சம்மனால் கைக்குத் திருப்பி அனுப்பினாலும் அந்த 3/3 வந்தே தீரும்.

குறிவைக்கவே முடியாத கிரீச்சரை வைப்பது இன்னொரு வழி. கார்னேஜ் டைரண்ட் ஆறு மானா, 7/6, ட்ராம்பிள். எதிராளியின் எந்த மந்திரமும் அதைக் குறிவைக்க முடியாது, இறங்கும்போது கவுண்டர் செய்து தடுக்கவும் முடியாது. டூம் பிளேடுக்காரருக்கு இதைவிடத் தலைவலி வேறில்லை. ஆனாலும் களத்தைக் கூண்டோடு அழிக்கும் ராத் ஆஃப் காட் போன்ற கார்டுகள் யாரையும் குறிவைப்பதில்லை என்பதால் டைரண்டும் அதில் போய்விடும். 'உன் கிரீச்சர்களில் ஒன்றை நீயே பலி கொடு' என்று கட்டளையிடும் டயபாலிக் எடிக்ட் கருப்பு டெக்காரர்கள் விரும்பி வைக்கும் கார்டு. டைரண்டைத் தனியாக நிறுத்தாமல் பக்கத்தில் ஒரு எல்வ்ஸையாவது நிறுத்தி வையுங்கள், பலிக்கு அது போகட்டும்.

ஷிவன் டிராகனை வீசிவிட வேண்டியதில்லை. எதிராளியின் கை காலியாகி, உங்களிடம் பத்து மானா இருக்கும் நேரத்தில் அது பறந்து வந்து ஒரே அடியில் பதினைந்து லைஃபைக் கொண்டுபோகும். க்ரா வர்மைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவுமில்லை. முதலில் வாங்கிய பாக்கெட்டில் கிடைத்தது என்ற பாசம் இருந்தால் ஆல்பத்தில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: திருவனந்தபுரத்தில் அலுவலக நண்பர்களோடு ஆடுகிறேன். எட்டு மானா, பத்து மானா என்று காத்திருக்காமல், பெரிய கிரீச்சரைக் கிரேவ்யார்டுக்கு அனுப்பி அங்கிருந்து எழுப்பிவிடலாம் என்கிறார்களே, அதற்கு எதைத் தேர்ந்தெடுப்பது? கிரிசல்பிராண்ட், எம்ரகுல், உலமோக் மூன்றும் மனத்தில் இருக்கின்றன.
— வாசகர், களியக்காவிளை

பதில்: மூன்றில் கிரிசல்பிராண்ட் மட்டுமே முழுப் பயன் தரும். எம்ரகுல், த இயான்ஸ் டார்ன் 15 மானா விலையுள்ள 15/15. ஆனால் அது எங்கிருந்து கிரேவ்யார்டுக்குப் போனாலும் அந்தக் கிரேவ்யார்டு முழுவதையும் டெக்கோடு கலக்க வேண்டும் என்று கார்டிலேயே எழுதியிருக்கிறது. இந்தக் குறுக்கு வழியை அடைப்பதற்காகவே போட்ட பூட்டு அது. உலமோக், த சீஸ்லெஸ் ஹங்கரில் அந்தப் பூட்டு இல்லை. இருந்தும், எதிராளியின் களத்திலிருந்து இரண்டை அகற்றும் அதன் திறன், மானா கொடுத்துக் கையிலிருந்து ஆடினால்தான் வேலை செய்யும். கிரேவ்யார்டிலிருந்து எழுப்பினால் அது கிடைக்காது. அப்போதும் அழிக்க முடியாத 10/10 உடம்பு மிஞ்சும். தாக்கும்போதெல்லாம் எதிராளியின் டெக்கிலிருந்து 20 கார்டுகள் போகும் என்பதால், 60 கார்டு டெக் மூன்றாவது தாக்குதலைத் தாண்டாது. மோசமில்லை, இரண்டாவது தேர்வாக வைக்கலாம்.

கிரிசல்பிராண்ட் எட்டு மானா, 7/7, பறக்கும், அடிக்கும் அளவுக்கு உங்களுக்கு லைஃப் சேரும்; 7 லைஃப் கொடுத்தால் 7 கார்டுகள் எடுக்கலாம். இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஒரு மானா விலையுள்ள ரீஅனிமேட்டால் எழுப்பினால், எழுப்பிய கிரீச்சரின் மானா விலை அளவுக்கு உங்கள் லைஃப் குறையும். இருபதில் எட்டு போனால் 12. அதில் ஏழைக் கொடுத்துக் கார்டு எடுத்தால் 5. அந்த நிலையில் எதிரில் இருப்பது சிவப்பு டெக் என்றால் அடுத்த முறையைப் பார்க்க மாட்டீர்கள். இரண்டு மானா விலையுள்ள அனிமேட் டெட் லைஃபைத் தொடுவதில்லை. கிரீச்சரின் அடியில் ஒன்று குறையும், அவ்வளவுதான். அனிமேட் டெட்டை யாராவது அழித்தால் கிரீச்சரும் அதோடு போய்விடும் என்றாலும், சிவப்பு டெக் உள்ள மேசையில் நான் இதைத்தான் தேர்வேன்.

எழுப்பிய கிரீச்சரை எதிராளி அன்சம்மனால் உங்கள் கைக்கே திருப்பினால், எட்டு மானா கார்டு கையில் கல்லாகக் கிடக்கும். ஆகவே கையிலிருப்பதை மீண்டும் கிரேவ்யார்டில் போட ஃபெய்த்லெஸ் லூட்டிங் போன்ற கார்டுகள் இந்த டெக்குக்குக் கட்டாயம்.

கேள்வி: என்னுடைய 8/8 கிரீச்சரை எதிராளி நாள்தோறும் ஒரு 1/1 கோப்ளினை நிறுத்தித் தடுத்துவிடுகிறார். இதற்கு என்ன வழி?
— வாசகி, குமுளி

பதில்: ட்ராம்பிள் இல்லாத, பறக்காத பெரிய கிரீச்சரை வாங்காமல் இருப்பதே முதல் வழி. உங்கள் 8/8-க்கு ட்ராம்பிள் இருந்திருந்தால் கோப்ளின் மீது ஒன்று, எதிராளி மீது ஏழு என்று அடி பிரிந்திருக்கும். தொட்டதைக் கொல்லும் 'டெத்டச்' திறனும் கூடச் சேர்ந்தால், தடுப்பது எவ்வளவு பெரிய உருவமாக இருந்தாலும் அதற்கு ஒரு புள்ளி ஒதுக்கினால் போதும், மிச்சமெல்லாம் எதிராளிக்கு.

கையிலிருப்பதை வைத்தே சமாளிப்பதானால் ரேன்கர் வையுங்கள். ஒரே ஒரு பச்சை மானாவில், அது மாட்டிய கிரீச்சருக்கு அடியில் இரண்டு கூடுகிறது, ட்ராம்பிளும் கிடைக்கிறது. கிரீச்சர் செத்தால் ரேன்கர் உங்கள் கைக்குத் திரும்பிவிடும். ஆனால் நீங்கள் ரேன்கரை ஆடிய உடனேயே, அது கிரீச்சரின் மேல் ஒட்டுவதற்கு முன் எதிராளி அந்தக் கிரீச்சரைக் கொன்றால், ரேன்கர் களத்துக்கே வரவில்லை என்று கணக்காகிக் கைக்குத் திரும்பாமல் போய்விடும். ஆகையால் அவருடைய லேண்டுகள் எல்லாம் செலவாகியிருக்கும் நேரமாகப் பார்த்து ஆடுங்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு டிராகன் கார்டுகள் என்றால் உயிர். பிறந்தநாளுக்குப் பெரிய டிராகன்களாக வாங்கிக் கொடுக்கலாமா? எனக்கு இந்த ஆட்டம் தெரியாது.
— ஒரு தந்தை, மறையூர்

பதில்: வாங்கிக் கொடுங்கள், ஆனால் பிரிக்காத பாக்கெட்டுகளாக வேண்டாம், உள்ளே என்ன இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. வேண்டிய கார்டுகளைத் தனித்தனியாக விற்பவரிடம் பெயர் சொல்லி வாங்குங்கள். டிராகன்களோடு, அவற்றின் விலையை இரண்டு மானா குறைக்கும் டிராகன்ஸ்பீக்கர் ஷாமன் நான்கும், ஒரு மானா குறைக்கும் டிராகன்லார்ட்ஸ் சர்வண்ட் நான்கும் இருக்கட்டும். ஷாமன் ஒன்று களத்தில் இருந்தால் ஆறு மானா ஷிவன் டிராகன் நான்கு மானாவில் இறங்கும். நான்கே மானாவில் 4/4 வலுவோடு பறக்கும் தண்டர்பிரேக் ரீஜண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; உங்கள் மகனின் டிராகன் ஒன்றை எதிராளி குறிவைத்தாலே ரீஜண்ட் அவருக்கு மூன்று புள்ளி அடி கொடுக்கும். பையன் பெட்டியைப் பிரித்ததும் ஷாமனைப் பார்த்து முகம் சுளிப்பான். இரண்டு ஆட்டம் ஆடட்டும், தானே புரிந்துகொள்வான்.

கேள்வி: நான்கு பேர் ஆடும் கமாண்டர் முறையில் பெரிய கிரீச்சரைத் தலைவராக வைக்க விரும்புகிறேன். 6/6, 7/7 இரண்டில் எது? எம்ரகுல் வைக்கலாமா?
— வாசகர், செங்கோட்டை

பதில்: கமாண்டரில் ஆளுக்கு 40 லைஃப், டெக்கில் 100 கார்டுகள், அடிப்படை லேண்டுகளைத் தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது. ஆட்டம் நீளும் என்பதால் விலை கூடிய கிரீச்சர்களுக்கு இங்கே தாராளமாக இடம் உண்டு. ஒரே கமாண்டரின் நேரடித் தாக்குதலில் 21 புள்ளி அடி வாங்கியவர், லைஃப் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஆட்டமிழப்பார். ஏழு புள்ளி அடிக்கும் தலைவருக்கு மூன்று தாக்குதல் போதும். ஆறுக்கு நான்கு வேண்டும். மூன்று எதிராளிகளைச் சமாளிக்க வேண்டிய மேசையில் அந்த ஒரு புள்ளி மூன்று முறைகளை மிச்சப்படுத்துகிறது. ஆகவே மற்றவை சமமாக இருந்தால் 7/7. தலைவர் சாகும்போதெல்லாம் அவரை மீண்டும் இறக்க இரண்டு மானா கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எட்டு மானா தலைவர் இருமுறை செத்தால் பன்னிரண்டு மானா ஆகிவிடுவார். எம்ரகுல், த இயான்ஸ் டார்ன் கமாண்டரில் தடை செய்யப்பட்ட கார்டு.